பட்டியலும் சாட்சியமும்

பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த பழைய நண்பர்கள் சிலர் ஒரு மாலைப் பொழுதில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் 1992ஆம் ஆண்டுத் தமிழ்த் திரைப்பாடல்களில் வந்து நின்றது. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவர் ஒரு யோசனை சொன்னார். தனித்தனிப் பாட்டுகளை எடுத்தால் விடிந்துவிடும்; படங்களை எடுப்போம். அந்த ஒரு வருடத்தில் வந்த படங்களுள், பாடல்தொகுதி என்ற வகையில் சிறந்த ஐந்தை ஒவ்வொருவரும் வரிசைப்படுத்தி எழுதுவது. முதலாம் இடத்துக்கு ஐந்து புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி. பிறகு கூட்டிப் பார்ப்பது.

ஐந்து பேர் இருந்தோம். கொப்பித் தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்பட்டது. பரீட்சை மண்டபம் போல் விறாந்தை அமைதியாகிவிட்டது.

கூட்டிப் பார்த்தபோது இளையராஜாவின் 'தேவர் மகன்' பதினெட்டு, ஏ.ஆர். ரஹ்மானின் 'ரோஜா'வும் பதினெட்டு. இருவர் ஒன்றையும் மற்ற இருவர் மற்றதையும் முதலாவதாக எழுதியிருந்தோம். ஐந்தாவது தாள் தையற்கடைக் காக்காவுடையது. அதில் இந்த இரண்டு பெயருமே இல்லை. ஐந்து பெயர் கேட்ட இடத்தில் ஒரே ஒரு பெயர், தேவா இசையமைத்த 'அண்ணாமலை', எழுதப்பட்டிருந்தது.

நாங்கள் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்தான் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சமநிலையை முறிப்பதற்காக, "காக்கா, இந்த ரெண்டுல ஒன்டச் சொல்லுங்க, விசயம் முடிஞ்சிரும்" என்று கணித ஆசிரியர் கேட்டார். காக்கா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த வருசம் எனக்குக் கேக்கக் கெடச்சது இது ஒன்டுதான் தம்பி. மத்ததுகள அங்கொன்டும் இங்கொன்டுமாத்தான் கேட்டிருக்கன். முழுசாக் கேக்காத ஒன்டுக்கு நான் எப்புடித் தீர்ப்புச் சொல்லுற?"

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏனென்பதைச் சொல்வதற்கு முன், அந்த வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1992 தமிழ்த் திரையிசையில் ஒரு திருப்புமுனை என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆகஸ்ட் மாதம் 'ரோஜா' வந்தது. இசையமைத்தவருக்கு வயது இருபத்தைந்து. ஒக்டோபரில் தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. அதன் இசையமைப்பாளர் அதற்கு முன்பே மூன்று முறை இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றவர். 'சின்னக் கவுண்டர்', 'மன்னன்', 'செம்பருத்தி', 'சிங்காரவேலன்', 'மீரா' என்று அதே வருடத்தில் அவர் இசையமைத்த படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இதற்கிடையில் கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் ஒரே வருடத்தில் 'அண்ணாமலை'யைத் தேவாவிடமும், 'வானமே எல்லை'யை மரகதமணியிடமும், 'ரோஜா'வை ரஹ்மானிடமும் கொடுத்திருந்தது. ஒரு யுகம் முடிவதும் இன்னொன்று தொடங்குவதும் ஒரே பன்னிரண்டு மாதங்களுக்குள் நடந்தால் ரசிகர்களுக்குப் பட்டியல் போடும் ஆசை வருவது இயல்புதான்.

எங்கள் விறாந்தையில் நடந்தது போன்ற சமநிலை இதே இரண்டு படங்களுக்கிடையில் முன்பும் ஒரு முறை வந்தது. அது பெரிய சபையில். 1993இல் அறிவிக்கப்பட்ட 40ஆவது தேசியத் திரைப்பட விருதுகளுக்கான நடுவர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்த நம் மண்ணின் மனிதர். சிறந்த இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்குகள் 'தேவர் மகனு'க்கும் 'ரோஜா'வுக்கும் சமமாகப் பிரிந்து நின்றன. தலைவர் என்ற முறையில் அறுதியிடும் வாக்கு அவரிடம் வந்தது. அவர் அதை முதற்படத்தைக் கொண்டு வந்திருந்த இளைஞருக்கு அளித்தார். பிற்காலத்தில் அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் ஒரு கனமான விஷயம் இருக்கிறது. 1980இல் வந்த 'மூடுபனி' இளையராஜாவின் நூறாவது படம். அதன் இயக்குநர் பாலு மகேந்திரா. அன்றிலிருந்து இருவரும் இணைந்தே பயணித்தார்கள். 1992இல் வெளியான பாலு மகேந்திராவின் 'வண்ண வண்ணப் பூக்க'ளுக்கும் இசை இளையராஜாதான். ஆக, அந்த வாக்கு நண்பரின் கையிலிருந்து விழுந்த வாக்கு. விழுந்ததோ மறுபக்கம்.

இது நீதியா?

மறுத்துச் சொல்லக்கூடியது எனக்குத் தெரிகிறது. விருது படைப்புக்குரியது, படைத்தவரின் வயதுக்குரியதல்ல. இளையவர் என்பதற்காக ஒருவருக்குக் கொடுத்தால், மூத்தவர் என்பதற்காக ஒருவருக்கு மறுக்கப்படுகிறது. நாளை வறியவர் என்பதற்காகவும் நம்மூரவர் என்பதற்காகவும் கொடுக்கலாம் என்றாகிவிடும். தராசில் ஒரு முறை விரல் வைத்துவிட்டால் பிறகு அது தராசு அல்ல.

ஆனால் இந்த வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. தராசு அதற்கு முன்பே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. இரண்டு தட்டும் சமம் என்று அது சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்ற நிலையில், தரத்துக்கு வெளியேயுள்ள ஏதோவொரு காரணம் உள்ளே வராமல் தீர்ப்பே இல்லை. நாணயத்தைச் சுண்டியிருக்கலாம். அதைவிட, இந்த விருது யாருடைய கையில் இருந்தால் அதிகம் பயன்படும் என்று யோசிப்பது மேலானது என்றே எனக்குப் படுகிறது. சமநிலை வருவதற்கு முன் அப்படி யோசித்திருந்தால் அது அநீதி. வந்த பின் யோசித்தது பொறுப்பு.

நட்பு பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. நண்பருக்கு எதிராக வாக்களித்ததால்தான் அவர் நேர்மையாளர் என்று சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுநிலையாளன் என்று பெயரெடுப்பதற்காக நண்பனுக்கு எதிராகச் சாய்வதும் சாய்வுதான். நம் இலக்கியப் போட்டிகளில் நடுவராக இருந்த எவருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். பாலு மகேந்திராவை நான் மதிப்பது அவர் யாருக்கு வாக்களித்தார் என்பதற்காக அல்ல. இரண்டு படைப்புகளையும் அறிந்து தீர்மானித்தார், தீர்மானத்தைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார், காரணத்தையும் சொன்னார். காரணம் சொல்லப்பட்டதால்தான் முப்பது வருடங்களுக்குப் பின்னும் நாம் அதோடு வாதிட முடிகிறது. அந்த நட்பும் முறியவில்லை. 2013இல் வந்த அவருடைய கடைசிப் படமான 'தலைமுறைகள்' வரை இளையராஜாவே இசையமைத்தார்.

இப்போது எங்கள் விறாந்தைக்குத் திரும்புகிறேன். எங்களிடம் இருந்தது நடுவர் குழுவிடம் இல்லாத ஒரு வசதி: காலம். அன்றைய ஆரவாரம் அடங்கிவிட்டது. விளம்பரமில்லை, திரையரங்கு வாசலில் வரிசையில்லை. கடந்துபோன ஒரு வருடத்தை அமைதியாக எடைபோடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் காலம் நடுநிலையானதல்ல. 'ரோஜா'வை 2005இல் அமெரிக்காவின் 'டைம்' சஞ்சிகை உலகின் சிறந்த திரையிசைத் தொகுதிகள் பத்தினுள் ஒன்றாகச் சேர்த்தது. 2009இல் ரஹ்மான் இரண்டு ஒஸ்கார் விருதுகளோடு மேடையில் நின்றார். இன்று நான் 'ரோஜா'வுக்கு ஐந்து புள்ளி போடும்போது, 1992இல் றெக்கோடிங் பாரில் புதுப் பெயரொன்றைத் தாங்கி வந்த அந்தக் கெசட்டுக்கு மட்டுமா போடுகிறேன்? அதன் பிறகு வந்த முப்பது வருடப் புகழையும் சேர்த்தல்லவா நிறுக்கிறேன்? மறுபக்கம், ஒரே வருடத்தில் டசின் கணக்கான படங்களுக்கு இசையமைத்தவர் தன் படைப்புகளோடு தானே போட்டியிடுகிறார். ரசிகர்களின் விருப்பம் பத்துத் திசையில் பிரிந்துபோகிறது. ஒன்றே ஒன்றைக் கொண்டுவந்தவரின் மேல் எல்லாக் கண்களும் குவிகின்றன. எங்கள் கணித ஆசிரியரின் புள்ளிமுறையில் இதற்கெல்லாம் இடமில்லை.

பட்டியல்கள் நமக்குப் புதியவையல்ல. இந்தித் திரைப்பாடல்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய 'பினாக்கா கீத்மாலா' 1952இல் கொழும்பிலிருந்து, இலங்கை வானொலியில்தான் தொடங்கியது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு முகம் சுளித்திருந்த காலம் அது. அந்நிகழ்ச்சியை நடத்திய அமீன் சயானி ஒரு பாட்டின் இடத்தை இலக்கத்தால் மட்டும் சொல்லாமல் 'படி' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுவார். இலக்கியத்தில் க.நா.சு.வின் பட்டியல்களும் அவற்றைக் கைலாசபதி எதிர்கொண்ட விதமும் நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ரசனை மட்டும் போதுமா, அந்த ரசனை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா என்பதே அந்த விவாதத்தின் சாரம். இரு பக்கத்திலும் உண்மையுண்டு. எல்லாம் சமம், அவரவர் ருசி என்று கையை விரிப்பது பணிவு போல் தெரியும்; உண்மையில் அது சோம்பல். நல்லதற்கும் அதைவிட நல்லதற்கும் வேறுபாடு இருக்கிறது. அதைச் சொல்லத் துணியாத இடத்தில் விமர்சனம் வளராது. ஆனால் சொல்பவன் எங்கே நின்று கேட்டான் என்பதும் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி.

நாங்கள் எங்கே நின்று கேட்டோம்? 1992இல் எங்களூரில் 'பாடல்தொகுதி' என்று ஒன்றை முழுதாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. றெக்கோடிங் பாருக்கு வெற்றுக் கெசட்டோடு போவோம். கடைக்காரர் ஒரு பக்கத்தில் ஒரு படத்துப் பாட்டுகளையும் மறுபக்கத்தில் இன்னொரு படத்தையும் பதிவார். இடம் போதாவிட்டால் கடைசிப் பாட்டு பாதியில் நிற்கும். வானொலியில் வந்தது காதில் விழுந்தது. மின்சாரம் போனால் அதுவும் இல்லை. நடுவர் குழு படத்தைப் பார்த்துப் பின்னணி இசையையும் சேர்த்து மதிப்பிட்டது. நாங்களோ நான்கைந்து பாட்டைக் கேட்டுவிட்டு அதே பெயருக்குப் புள்ளி போட்டோம்.

இங்குதான் என் குற்றம் இருக்கிறது. என் தாளில் ஐந்தாவதாக நான் எழுதியது 'வண்ண வண்ணப் பூக்கள்'. அதில் ஒரு பாட்டைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. பாலு மகேந்திரா படம், இளையராஜா இசை, அந்த வரிசையில் அப்படியொரு பெயர் இருந்தால் என் ரசனைக்குக் கௌரவம் என்று எழுதினேன். நண்பர்கள் தலையசைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதிய மனிதரைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தோம்.

காக்காவின் தம்பி சவூதியிலிருந்து லீவில் வந்து திரும்பும்போது ஒரு ரேப் றெக்கோடரையும் அந்த ஒரு கெசட்டையும் விட்டுப் போயிருந்தார். தையற்கடையில் அந்த வருடம் முழுவதும் அதுதான் ஓடியது. நாடா இழுபட்டு எந்த இடத்தில் குரல் தளரும் என்பதுகூட அவருக்குத் தெரியும். 'அண்ணாமலை'யை அவர் அறிந்த அளவுக்கு நாங்கள் 'ரோஜா'வையோ 'தேவர் மகனை'யோ அறிந்திருந்தோமா என்பது சந்தேகம். அதனால் 'அண்ணாமலை' மற்ற இரண்டையும்விடச் சிறந்தது என்று ஆகிவிடாது. காக்காவும் அப்படிச் சொல்லவில்லை. தான் கண்டதை மட்டும் சொல்லி, காணாததற்கு வாய் திறக்க மறுத்தார். நீதிமன்றத்தில் இதைத்தான் நல்ல சாட்சி என்கிறோம்.

பட்டியல் போடுகிறவன் தன்னை நீதிபதியாக நினைத்துக்கொள்கிறான். முதலில் அவன் சாட்சி. எதைக் கேட்டேன், எவ்வளவு கேட்டேன், எந்த நிலையில் கேட்டேன் என்று சொல்லிய பிறகுதான் எது மேல் என்று சொல்லும் உரிமை அவனுக்கு வருகிறது. பாலு மகேந்திராவுக்கு அந்த உரிமை இருந்தது, பயன்படுத்தினார். தையற்கடைக் காக்காவுக்கு அது இல்லை, மறுத்தார். இரண்டும் ஒரே நேர்மையின் இரண்டு முகங்கள். இல்லாத உரிமையைப் பயன்படுத்தியவன் நான்.

அடுத்த வாரம் அந்த இரண்டு தொகுதிகளின் பாட்டுகளையும் முழுமையாகக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன" என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டார். என் தாளில் ஐந்தாவது பெயரை வெட்டிவிட்டேன். கேட்டு முடித்த பிறகு, இடமிருந்தால் எழுதுவேன்.

பதினெட்டுக்குப் பதினெட்டு இன்னும் அப்படியே நிற்கிறது. கணித ஆசிரியர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் முடிவென்ன என்று விசாரிக்கிறார். காக்காவிடம் கேட்டால், இன்னும் ஒரு முறை கேட்க வேண்டியிருக்கிறது என்கிறார்.