காரணமில்லாமல் நடப்பது

மயிலாப்பூர் மாட வீதிகளில் பெண்கள் நிறையவே நடக்கிறோம். பூ வாங்க, காய் வாங்க, கோயிலுக்குப் போக. தி. நகர் ரங்கநாதன் தெருவிலும் பெண்கள் கூட்டம்தான். ஆனால் கையில் பையில்லாமல், எந்தக் காரணமும் இல்லாமல் நிற்கும் பெண்ணை யாராவது ஒருவர் ஏற இறங்கப் பார்ப்பார். பொதுவெளியில் சும்மா இருப்பதும் பெண்ணின் உரிமைதான் என்றது மும்பையை முன்வைத்து எழுதப்பட்ட ‘வொய் லாய்ட்டர்?’ நூல் (2011).

கோடையில் நம்மில் வசதியுள்ளவர்கள் அந்த உரிமையைத் தேடி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். ஊட்டி, ஆங்கிலேயர் தம் நாட்டுப்புறத்தை நினைத்துக் கட்டிய ஊர். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் அங்கே வீடும் ஏரியும் அமைத்தார். பிறகு அது மதராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகரானது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டன. இன்று நாம் ‘இயற்கை’ என்று ரசிப்பதில் பாதி, யாரோ திட்டமிட்டு நட்டது.

மீதி, யாரோ உழைத்து வளர்ப்பது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழருக்கு வேலை தர 1968இல் டான்டீ தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நமக்குக் காட்சியாக இருக்கும் சரிவு, அவர்களுக்கு வேலைத்தளம்.

அப்படியானால் அந்த அழகை ரசிப்பது தவறா? இல்லை. நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவர்கள் கூலி உயர்ந்துவிடாது. குற்ற உணர்வும் ஒருவகையில் நம்மைப் பற்றிய கவலைதான். ‘சுற்றுலாவால் அவர்களுக்கும் பிழைப்பு’ என்ற பதிலும் போதாது. பிழைப்பு வேறு, ஓய்வு வேறு. இது நமக்குத் தெரியாததல்ல. காட்டேஜ் எடுக்கும்போதே சமையலறை உண்டா என்று விசாரிக்கும் குடும்பங்களில், விடுமுறையிலும் அம்மாவுக்கு அடுப்படிதான். ஊர் சுற்றிப் பார்த்தாள், ஓய்வெடுக்கவில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்றது. ஓய்வு தயவல்ல, உழைப்பவரின் உரிமை என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஒரு நாளிலும் தண்ணீர், விறகு, துணி, பிள்ளைகள் என்று வீட்டுவேலை காத்திருக்கிறது. அதைச் சட்டம் எண்ணவில்லை, வீட்டு ஆண்களும் எண்ணுவதில்லை.

ஒருத்திக்கு மட்டும் கிடைத்தால் அது சலுகை. எல்லோருக்கும் கேட்கும்போதுதான் உரிமையாகிறது. சும்மா நடக்கும் உரிமையை மயிலாப்பூர்ப் பெண்ணுக்குக் கேட்கும் நாம், கொழுந்து பறிப்பவளுக்கும் காட்டேஜைப் பெருக்குபவளுக்கும் அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். ஆகவே பெண்ணியத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்குப் பக்கத்திலேயே ஓய்வும் இடம்பெற வேண்டும். கூடையில்லாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், அவளும் அந்தச் சரிவில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்கட்டும்.