நகுலமாதா கூறிய ஆறுதல்

கொல்கத்தா நகரின் இரண்டு இடங்களை நினைவிற் கொண்டு இன்றைய தம்ம உரையைத் தொடங்குவோம். ஒன்று, காலேஜ் ஸ்கொயரில் அநகாரிக தர்மபாலர் எழுப்பி, 1920-இல் திறக்கப்பெற்ற ஸ்ரீ தர்மராஜிக சைத்திய விகாரம். மற்றொன்று, தெற்கே ஹாஜ்ராவில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயரால் விளங்கும் புற்றுநோய் மருத்துவமனை. முன்னதில் மனிதன் பிணி, மூப்பு, சாக்காடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறான். பின்னதில் அவற்றை நேரிற் காண்கிறான். முன்னதிற் கேட்டது பின்னதில் துணை நில்லாதாயின், அக்கேள்வி வீணன்றோ?

அம்மருத்துவமனையை 1950 ஜனவரி 2-ஆம் நாள் திறந்து வைத்தவர், பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார். அவரும் அவர்தம் கணவர் பிரெடெரிக்கும் கதிரியக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கலாம் என்று கண்டு, 1935-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை ஒருங்கே பெற்றவர்கள். பிறர் நோய் தீர வாயில் திறந்த அவ்வம்மையாரே 1956-இல் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அறிவு பெருகுவதனால் அநித்தியம் விலகிவிடுவதில்லை. ஆயினும், அறிவை இகழ்வதும் தகாது. அவர் வளர்த்த துறையின் பயனால் இன்று எத்தனையோ பேர் நலம் பெற்று இல்லம் திரும்புகின்றனர்.

இனி, பிழைப்பை நாடிக் கொல்கத்தாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியரை எண்ணிப் பாருங்கள். கணவருக்குப் புற்று என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உற்றார் உறவினரோ ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்கின்றனர். மனைவி அழுகையை அடக்கிக்கொண்டு, “ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதானாம்” என்கிறாள். கணவர் உண்மையை முன்னமே உணர்ந்துவிட்டார். எனினும் அவள் மனம் நோகுமென்று அறியாதவர்போல் இருக்கிறார். ஒரே அறையில் இருவரும் தனித்தனியே அஞ்சுகின்றனர். நம் இல்லங்களில் இஃது அன்பு என்று பெயர் பெறுகிறது. ஆனால், அன்பர்களே, இதனால் நோயாளி துணையிருந்தும் தனியனாகிறான்.

பகவான் காலத்தில் பர்க்க நாட்டுச் சும்சுமாரகிரியில் நகுலபிதா, நகுலமாதா என்னும் இல்லறத்தார் வாழ்ந்தனர். நகுலபிதா கடும்பிணியுற்றுக் கிடந்தார். நகுலமாதா நோயை மறைக்கவில்லை. மரணத்தைப் பற்றியே வாய் திறந்து பேசினாள். கவலையோடு உயிர் நீத்தல் துன்பம் என்று எடுத்துரைத்தாள். பின்னர் அவர் உள்ளத்தில் இருக்கக்கூடிய கவலைகளை ஒவ்வொன்றாய் எடுத்து நீக்கினாள். தான் பருத்தி நூற்று மக்களைக் காப்பாற்ற வல்லவள், வேறொருவரை மணவாள், பகவானையும் சங்கத்தையும் காணும் ஆர்வத்தில் குறையாள், சீலத்தில் வழுவாள், மன அமைதியில் தளராள், தம்மத்தில் ஐயம் நீங்கி நிலைபெற்றவள். இந்த ஆறு உறுதிகளையும் கேட்ட நகுலபிதாவின் நோய் தணிந்தது. கோலூன்றிப் பகவானிடம் சென்ற அவரிடம், இத்தகைய மனைவி வாய்த்தது பெரும்பேறு என்று பகவான் பாராட்டினார்.

இவ்வரலாற்றை, ‘நம்பிக்கை வைத்தால் நோய் தீரும்’ என்று பொருள் கொள்ளாதீர்கள். அதே நகுலபிதா முதுமையில் மீண்டும் பிணியுற்ற உடலோடு வந்தபோது, பகவான் உடலுக்கு வாக்குறுதி ஏதும் தரவில்லை; உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதிருக்கப் பயிலுமாறே அறிவுறுத்தினார். ஆதலின் பரித்தம் ஓதுவோம். மருந்தையும் தவறாது உட்கொள்வோம். தன் நலத்துக்கு உரியதைச் செய்தல், அளவறிதல், மருந்து உண்ணல், நோயின் நிலையை ஒளியாது கூறல், வலியைப் பொறுத்தல் ஆகியவற்றையே நல்ல நோயாளியின் ஐந்து குணங்களாக விநயம் வகுத்திருக்கிறது.

ஆனால் நகுலமாதா தந்த முதல் உறுதியைக் கவனியுங்கள். வீடு எவ்வாறு நடக்கும் என்பதே அது. இன்று சிகிச்சைக்குப் பணம், பிள்ளைகளின் பள்ளி, சமையல், மருத்துவமனை வரிசை ஆகிய அனைத்தும் ஒருத்தியின் தோளில் விழுகின்றன. ‘நான் பார்த்துக்கொள்வேன்’ என்று அவள் மெய்யாகவே கூறவேண்டுமாயின், அவள் பின்னே நண்பர் நிற்கவேண்டும். கல்யாண மித்திரர் பிரம்மசரியத்தில் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுவதுமே என்று பகவான் திருத்தினார் அல்லரோ?

நண்பர் செய்யவேண்டியது யாது? கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் நடப்பதுண்டு. ஒருநாள் நீங்கள் உடன் செல்லுங்கள். ஓரிரவு நோயாளியருகில் விழித்திருந்து மனைவியை உறங்கவிடுங்கள். குருதி தேவைப்படின் கொடுங்கள். மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் வேளையில் உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருப்பின், செல்லாதிருப்பதே அன்பு. வாந்தி கண்டு முகம் சுளியாதீர்கள். அருவருப்பின்மையும் பணிவிடை செய்வோர்க்குரிய குணம் என்று விநயம் கூறுகிறது. கைவிடப்பட்டுக் கிடந்த வயிற்றுநோய்ப் பிக்குவைப் பகவான் தம் கையாலேயே நீராட்டினார். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயுற்றார்க்குப் பணிசெய்க என்று ஏனைய பிக்குகளுக்குக் கற்பித்தார்.

ஆகவே, நம்பிக்கை ஒருபுறம், நண்பர் ஒருபுறம் என்று பிரித்து எண்ணாதீர்கள். சங்கத்தைச் சரணடைகிறோம் என்று நாம் நாள்தோறும் மொழிவது, ஒருவர் துன்பத்தில் ஒருவர் வாயிலிற் சென்று நிற்பதனாலேயே மெய்யாகிறது. அவ்வாறு நின்றால், அந்த அறையில் தனித்தனியே அஞ்சிய இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி உண்மை பேசுவர். நோய் தீரினும் தீராவிடினும், அவ்விருவர் உள்ளமும் அன்று நலமுறும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!