காலிப் பாத்திரம் இருக்கும்வரை எண்ணெய் நிற்காது

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7, ஏசாயா 58:6-11



"பாஸ்டர், ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன், முழு இரவு ஜெபத்தையும் விடறதில்லை. ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிறைவு இல்லீங்க." எத்தனையோ விசுவாசிகள் என்னிடம் இப்படிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானே அந்த வறட்சியில் கிடந்தவன். இந்த மாதம் என் வெட்கத்தையே சாட்சியாக எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார்.

2020-ம் வருஷம் மார்ச் 25-ந்தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. முதலில் 21 நாள் என்றார்கள். ராப்பகலாய் மிஷின் சத்தம் கேட்கிற நம்ம திருப்பூர் அப்படியே அடங்கிப் போயிற்று. ஆலயத்தையும் பூட்டினோம். தானியேல் மூன்று வாரம் உபவாசித்தாரே (தானியேல் 10:2,3), இதோ கர்த்தரே எனக்கு 21 நாள் கொடுத்திருக்கிறார் என்று நான் உபவாசத்தில் உட்கார்ந்துவிட்டேன். பகலெல்லாம் தண்ணீர், ராத்திரி கொஞ்சம் கஞ்சி. காலையும் மாலையும் போனில் விசுவாசிகளோடு ஜெபம். இவ்வளவு செய்தும் உள்ளம் மட்டும் காய்ந்த நொய்யலாகவே கிடந்தது.

எங்கள் காம்பவுண்டில் கடைசி ரூமில் ஒடிசா மாநிலத்துப் பையன்கள் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாரும் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் அடுத்த வாரத்துக்கு அரிசி. அந்தச் சனிக்கிழமை சம்பளம் வரவில்லை.

உபவாசத்தின் ஒன்பதாம் நாள் மதியம் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்களில் ஒருவன். "ஜெபத்துல இருக்கேன் தம்பி, அப்புறமா வா" என்றேன். அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நான் மறுபடியும் முழங்காலில் நின்று, தேசத்தின் எழுப்புதலுக்காக ஜெபித்தேன்.

சாயங்காலம் என் மனைவி துணி எடுக்கப் பின்பக்கம் போனவள் முகம் மாறி வந்தாள். "அந்தப் பசங்க ரெண்டு நாளா சர்க்கரைத் தண்ணிதான் குடிக்கறாங்களாம். உங்ககிட்ட வந்தானாமே?" என்றாள். நான் பேசவில்லை. அவளே சொன்னாள்: "நீங்க சாப்பிடாம இருந்தா அது உபவாசங்க. அவங்க சாப்பிடாம இருந்தா அது பட்டினிங்க."

சோறாக்கி எடுத்துக்கொண்டு போனோம். ரூமில் நாலு பேர்தான் இருந்தார்கள். இரண்டு பேர் நடந்தே ஊருக்குப் போவதாகக் கிளம்பிவிட்டார்களாம். ரயில் இல்லை, பஸ் இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். கதவைத் தட்டியவன் அந்த இரண்டு பேரில் ஒருவன். அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

பிரியமானவர்களே, நல்ல சமாரியன் உவமையில் (லூக்கா 10:30-37) அடிபட்டுக் கிடந்தவனை விட்டு விலகிப் போனவர்கள் யார்? திருடர் அல்ல. ஒருவன் ஆசாரியன், ஒருவன் லேவியன். இருவரும் தேவாலய ஊழியத்துக்குரியவர்கள். அன்று என் ஜன்னல் ஓரத்தில் நின்றது அந்த ஆசாரியன்தான் என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்.

கதவு தட்டப்பட்ட இன்னொரு ராத்திரி நினைவுக்கு வந்தது. பைபிள் காலேஜில் படிக்கும்போது கேட்ட சாட்சி. 1890-களில், நம்ம தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் மிஷனெரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், தாயின் சுகவீனத்தினால் அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியிருந்தார். மிஷனெரி வாழ்க்கை அவருக்கு வேண்டாம். திரும்பிப் போய்விட வேண்டும் என்பதே எண்ணம். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்காக அவரைத் தேடி வந்தார்கள். "நான் டாக்டர் இல்லை, என் அப்பா வருவார்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள்.

ஐடா அம்மையார் அழுததோடு நிற்கவில்லை. அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் படிப்பை முடித்து, 1900-ல் வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. நம்ம சபையிலேயே அங்கே போய்ச் சுகம்பெற்று வந்தவர்கள் உண்டல்லவா? வேண்டாம் என்று ஓட நினைத்த மகள், 1960-ல் தமது 89-வது வயதில் நம்ம மண்ணிலேயே, கொடைக்கானலில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருக்கு அன்று உதவத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் அரிசியும் இருந்தது. ஆகவே என் குற்றமே பெரிது.

இப்போது எலிசாவிடம் வந்த விதவையைப் பாருங்கள். அவள் வீட்டில் இருந்தது ஒரு குடம் எண்ணெய்தான். எலிசா, அக்கம்பக்கத்தாரிடம் போய்க் காலிப் பாத்திரங்களை நிறைய வாங்கி வரச் சொன்னார். ஊற்ற ஊற்ற எண்ணெய் வந்தது. எப்போது நின்றது? எண்ணெய் தீர்ந்தபோதா? இல்லை, இனிப் பாத்திரம் இல்லை என்றபோது நின்றது. அபிஷேகமும் அப்படித்தான். "ஆண்டவரே, என்னை நிரப்பும்" என்று கேட்கிறோம். "பக்கத்து வீட்டுக் காலிப் பாத்திரம் எங்கே?" என்று அவர் கேட்கிறார்.

நான் உபவாசத்தை விடவில்லை, மாற்றினேன். நான் சாப்பிடாத வேளைச் சோறு அவர்கள் தட்டுக்குப் போயிற்று. பவர் டேபிள் ஓட்டுகிற ஒரு சகோதரி, வேலையில்லாத நாளிலும், தன் வீட்டு அரிசியில் பாதியைக் கொண்டு வந்தாள். என் மனைவி குழம்பு வைத்தாள், நான் பரிமாறினேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒரு பையன் சாப்பிட்டுவிட்டு என் தட்டைக் காட்டி, நீங்களும் சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினான். ராத்திரி அவர்களோடு தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். இத்தனை நாள் முழங்காலில் தேடின நிறைவு அந்தச் சிமெண்டுத் தரையில் என்னைச் சந்தித்தது. அல்லேலூயா! பசித்தவனுக்கு மனமிரங்குகிறவனை வறட்சியிலும் திருப்தியாக்கி, தண்ணீர் வற்றாத தோட்டமாக்குவேன் என்ற ஏசாயா 58-ன் வாக்குத்தத்தம் அன்று எனக்கு விளங்கிற்று.

ஜெபத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஜெபமில்லாத தர்மம் சீக்கிரம் சலித்துப்போகும். ஆனால் கதவைத் திறக்காத ஜெபம் கூரையோடு நின்றுவிடும். இன்னொன்றும் சொல்லுகிறேன். சோற்றைத் தூண்டிலாக்காதீர்கள். அந்த நாலு பேரில் யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் பிடுங்கிக்கொள்ளவில்லையே!

இந்த வாரம் சுற்றிலும் பாருங்கள். ஹாஸ்டலில் காய்ச்சலோடு படுத்திருக்கிற பிள்ளை, அரசு ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வடநாட்டுத் தாய், இரவு ஷிப்ட் முடிந்து கண்ணெரிச்சலோடு வருகிற பக்கத்து வீட்டுத் தம்பி. இவர்களெல்லாம் கர்த்தர் நம் வாசலில் வைத்த பாத்திரங்கள். பெயரைக் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன், நீங்கள் தவறாதிருங்கள்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, தட்டுகிறவனுக்குத் திறக்காத எங்கள் கடினத்தை மன்னியும். பெயர் தெரியாத அந்த மகன் எங்கிருந்தாலும் அவனைக் காத்தருளும். எங்களை நிரப்பும், நிரப்பியதை ஊற்றவும் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.