யாருடைய காது பழக வேண்டும்?

ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை என்றால் குற்றம் யாருடையது? நம்ம நாட்டில் இதற்குத் தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது. சேரிக்காரன் பேச்சு ஊர்க்காரனுக்குப் புரியலைன்னா அது கொச்சை. ஊர்க்காரன் பேச்சு சேரிக்காரனுக்குப் புரியலைன்னா இவன் மக்கு. இரண்டிலும் தண்டனை நமக்குத்தான்.

குன்னத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலம் கேட்டுப் பழகி வருகிறேன். நர்சிங் முடித்த பெண்கள், வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிற பையன்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்கும் பகுதிக்கு 40 கேள்விகள். ஒலிப்பதிவை ஒரே முறைதான் போடுவார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா என்று பல உச்சரிப்புகள் வரும். ஆஸ்திரேலியர் சிலர் சொல்லும் 'டுடே' நம் காதில் 'டுடை' என்று விழும். பழகப் பழகப் பிடிபடும். பிடிபட்டே ஆக வேண்டும். சோறு அதில் இருக்கிறது.

ஆனால் வளைகுடா ஆஸ்பத்திரியில் இந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்கப்போவது லண்டன்காரி மட்டுமல்ல. பிலிப்பைன்ஸ் நர்ஸ் இருப்பாள், எகிப்து டாக்டர் இருப்பார். பிலிப்பைன்ஸ்காரர் பலர், நம்மைப் போலவே, 'ஃபைவ்' என்பதைப் 'பைவ்' என்பார்கள். 'ஃபிஃப்டீன்' என்றதை 'ஃபிஃப்டி' என்று கேட்டால் மருந்தின் அளவே மாறிப்போகும். அங்கே எதிராளி பேச்சைக் கேலி செய்கிறவள் நோயாளிக்குத் துரோகம் செய்கிறாள். கேட்பது திறமை மட்டுமல்ல, அறம்.

கேட்பதில் நமக்குப் பழக்கம் இல்லாமலா? மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும் முதலாளி அரை வார்த்தை சொன்னால் முழுசும் புரிந்துகொண்டவர்கள் நம் தாய்மார்கள். அவர்கள் கூலி கேட்டபோது மட்டும் அவனுக்குக் காது கேட்காது. நம் காதைக் கூர்மையாக்கியது பயம். பயத்தில் கேட்பது வேறு, மதிப்பில் கேட்பது வேறு. முன்னதில் ஒரே பக்கம் பாடுபடும். பின்னதில் இரண்டு பக்கமும் பாடுபட வேண்டும்.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் பேசியபோது காது கொடுக்க வேண்டியவர்கள் ஆண்டவர்கள். 2001-ல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு நம் தலித் தோழர்களும் போனார்கள். ஜப்பானின் புராக்குமின் மக்களும் வந்திருந்தார்கள். இரு தரப்புக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. இப்படிப்பட்டவர்கள் சந்திக்கிற இடத்தில் எவனுடைய உச்சரிப்பு சுத்தம் என்ற கேள்விக்கே வேலை இல்லை. கேட்கிறவனுக்கு மனசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி நம் தெருவுக்கும் வர வேண்டும். அருந்ததியர் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அது கலந்த தமிழைக் கேட்டு நம்ம ஆட்களிலேயே சிரிக்கிறவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாக்காரனின் 'டுடை'யைப் பத்து முறை திருப்பிப் போட்டுக் கேட்கிறோம். பக்கத்துத் தெருக்காரர் சொல்வதை ஒரு முறையாவது பொறுமையாகக் கேட்கிறோமா? கேட்காவிட்டால், நாம் பழகியது ஆங்கிலம் அல்ல, எசமானின் காதைத்தான்.