ஓடாத கடிகாரமும் ஓயாத யோசனையும்

யோசனை சொல்வதற்கு உலகில் எங்கும் வரி கிடையாது. இருந்திருக்குமாயின் எந்த அரசாங்கமும் கடன் வாங்கும் நிலைக்கு வந்திராது. மருந்து கொடுப்பவனுக்குப் படிப்பு வேண்டும். வண்டி ஓட்டுபவனுக்கு உரிமம் வேண்டும். யோசனை சொல்பவனுக்கோ வாய் ஒன்றிருந்தால் போதும். ஒருவன் தான் அறியாத விஷயத்தில் நல்லெண்ணத்தோடு பிறனுக்கு ஒரு வழி சொல்கிறான்; அவ்வழியால் கேடு விளைகிறது. சொன்னவன் குற்றவாளியா? "எண்ணம் நல்லதாயின் குற்றமில்லை" என்பதே நம்மில் பெரும்பாலோர் தரும் விடை. யானும் அவ்வாறே கருதியிருந்தேன், ஒரு பழைய கடிகாரம் நின்று போகும் வரையில்.

பிறையிலுள்ள வாசகசாலை ஒன்றில் ஓர் ஊசற் கடிகாரம் மாட்டப்பட்டிருந்தது. யார் கொடுத்தார், எப்பொழுது வந்தது என்று அங்குள்ளோர் எவருக்கும் தெரியாது. செய்தவர் பெயரும் அழிந்து போயிற்று. மணி முள், நிமிட முள் இரண்டோடு மூன்றாவதாக மெல்லிய முள் ஒன்று அதில் உண்டு. அது முகப்பின் வெளிவட்டத்தில் பாதி அழிந்த எண்களின்மேல் நாளுக்கு ஒருமுறை நகரும். அம்முள் எதற்கு என்பதே வாசகசாலையின் நீங்காத விவாதம். கடல் ஏற்றவற்றத்தைக் காட்டுவது என்றார் ஒருவர். இரயில் பாதை பிறையோடு முடிந்திருந்த நாளில், வந்து போன வண்டிகளைக் கணக்கிட வைத்தது என்றார் மற்றொருவர். ஊர்ப்பெயரே பிறையாயிற்றே, ஆதலின் இது திதி காட்டும் முள் என்று மூன்றாமவர் முடித்துவிட்டார். திதிகள் முப்பது. வெளிவட்டத்தின் உச்சியில் தெளிவாய்த் தெரிந்த எண்ணோ முப்பத்தொன்று. அதை எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓராண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கடிகாரத்தைக் கழற்றி மீண்டும் மாட்டினார்கள். சாவி கொடுத்தால் சில நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும். அன்று மாலையே யோசனைகள் தொடங்கின. அரிசிப் பானைக்குள் ஓரிரவு வைத்தால் ஈரம் வாங்கும் என்றார் ஒருவர். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தால் ஆவி ஏறிச் சக்கரங்கள் இளகும் என்றார் வேறொருவர். முள்ளைப் பின்னோக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் "பிடிப்பு விடும்" என்பது ஓர் இளைஞரின் துணிபு. ஊசலில் ஐந்து காசு நாணயம் ஒன்றைக் கட்டும்படி சொன்னவரைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். சக்கரங்களுக்குத் தேங்காயெண்ணெய் விடுங்கள், பிணியெல்லாம் தீரும் என்றவன் இதை எழுதுபவனே. என் பாட்டியார் தையல் எந்திரத்துக்கு அதைத்தான் விடுவார் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அதை நான் சொன்ன குரலில் ஐயத்தின் சாயல் சிறிதும் இல்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அங்குக் கூடியிருந்தோர் மூடநம்பிக்கைக்கு ஆட்பட்ட பாமரர் அல்லர். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியதைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு, பகுத்தறிவே தம் குலச்சொத்து எனக் கொண்டாடுபவர்கள். அக்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டையிலுள்ள ஸ்ரீ ரம்பாய்ப் பீரங்கியைப் பற்றி நாங்கள் பேசாத வாரமில்லை. 1603-இல் வார்க்கப்பெற்ற அவ்வெண்கலப் பீரங்கியை டச்சுக்காரர் ஜோகூருக்குக் கொடுத்தனர். 1613-இல் அச்சே நாட்டார் பறித்தனர். 1795-இல் அது சிலாங்கூருக்குப் போயிற்று. 1871-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிக் கொணர்ந்து பினாங்குக் கடலில் எறிந்தனர். பின்னாளில் வெளியே எடுக்கப்பட்டது. ஒரு நூலைக் கட்டி அழைத்த பிறகுதான் அது எழுந்து வந்தது என்று ஒரு கதை. அதன் வாயில் மலரிட்டு வேண்டினால் பிள்ளைப்பேறு கிட்டும் என்று ஒரு நம்பிக்கை. கேட்கக் கேட்க எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. எனினும், பீரங்கிக்குப் பூ வைத்த பெண்மணி பீரங்கியைக் கெடுக்கவில்லை. நாங்கள் கடிகாரத்தைக் கெடுத்தோம்.

வாசகசாலையைக் கூட்டிப் பெருக்கும் முதியவர் ஒருவர் உண்டு. வாரந்தோறும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவரும் அவரே. முதல் நாளே அவர் கதவோரமாய் நின்று, "சுவரில் மாட்டினது சரியில்லைங்க" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை; மறுக்கவுமில்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததாகவே எவரும் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவே. அவருடைய தலைக்கு மேலே சமத்துவத்தைப் பற்றிய வாசகம் ஒன்று பெரிய எழுத்தில் மாட்டப்பட்டிருந்தது.

ஐந்து மாதம் சென்றபின் படகேறி அக்கரைக்குப் போய்ப் பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பெட்டியைத் திறக்குமுன் ஊசலை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு விளக்கினார். ஊசல் இருபுறமும் ஒத்து வீசினால், அதனோடு சேர்ந்த நங்கூரம் போன்ற கொக்கி சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாய் விடுவிக்கும். விடுபடும் பல் ஊசலுக்கு ஒரு சிறு உந்துதல் தரும். பெட்டி சாய்ந்து தொங்கினால் ஒருபுறம் கொக்கி விடுபடும், மறுபுறம் விடுபடாது. உந்துதல் இன்றி ஊசல் ஓய்ந்துவிடும். முதல் நாளே பெட்டியின் அடியை விரல் கனம் நகர்த்தியிருந்தால் கடிகாரம் ஓடியிருக்கும். இப்பொழுதோ நிலைமை வேறு. பின்னோக்கிச் சுற்றியதில் மணி அடிக்கும் பகுதி முறிந்திருந்தது. கடிகாரத்துக்குரிய எண்ணெயே வேறு, அதையும் அச்சுமுனைகளில் துளியளவே இட வேண்டும், பற்களில் இடலாகாது. என் தேங்காயெண்ணெயோ பல்லெல்லாம் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்து வைத்திருந்தது. மூன்றாவது முள்ளைக் காட்டி இது எதற்கு என்று கேட்டோம். "தேதிக்கு" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

கூலியைக் கேட்டதும் கூட்டம் அமைதியாயிற்று. மண்ணெண்ணெய் சொன்னவர் தாம் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறினார். முள்ளைச் சுற்றச் சொன்ன இளைஞர் சுற்றியவன் தான் அல்லன் என்றார். யான் வாய் திறக்கவே இல்லை. "நல்லதற்குத்தானே சொன்னோம்" என்ற பேச்சு நாலா பக்கமும் எழுந்தது.

ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் 1877-இல் நம்பிக்கையின் அறம் குறித்து எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டுகிறார். குடியேறச் செல்லும் மக்களை ஏற்றிப்போகும் பழங்கப்பல் அவனுடையது. பழுது பார்க்க வேண்டுமோ என்று ஐயம் எழுகிறது. இத்தனை முறை சென்று வந்ததாயிற்றே என்று தன்னைத் தானே தேற்றி, ஐயத்தை அடக்கி, உண்மையாகவே நம்பிக் கப்பலை அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பியது மெய்தான். ஆனால் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் குறையாது என்றும் அவர் சொல்கிறார். 1973 வரை ரஜூலாக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து சுமந்து வந்தவர்களின் மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். மேல்தட்டில் படுத்து வந்தவனுக்கு வேண்டியது முதலாளியின் நல்லெண்ணமா, சோதித்துப் பார்த்த அடிப்பலகையா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அறிந்தவரே பேச வேண்டும் என்றால் புதுவழி எப்படிப் பிறக்கும்? நாங்கள் சிரித்த நாணய யோசனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1859 முதல் இலண்டனில் ஓடிவரும் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கடிகாரத்தின் ஊசல்மீது பழைய பென்னிக் காசுகளை வைத்தே அதன் வேகத்தைத் திருத்துகிறார்கள். ஒரு காசைச் சேர்த்தால் ஒரு நாளில் ஐந்தில் இரண்டு விநாடி அது முந்தும். நின்ற கடிகாரத்தை அது ஓட்டாது என்பது வேறு விஷயம். ஆகவே யோசனை விபரீதமாய்த் தோன்றுவது குற்றமன்று. அங்கே காசு வைப்பவன் விநாடியை அளந்து பார்க்கிறான். தவறாயின் காசை எடுத்துவிடலாம். என் எண்ணெயை எவராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. "இப்படி இருக்குமோ?" என்று கேட்டவனுக்கும் "இப்படிச் செய்" என்று ஏவியவனுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. சுட்ட புண்ணில் சோயாச் சாற்றைப் பூசச் சொல்பவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே பழுதாவது கடிகாரம் அன்று, குழந்தையின் கை. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விடுவதற்குள் அடுக்களையில் நாலு பேர் நாலு புட்டியோடு நிற்பார்கள்.

எண்ணெய்க்குரிய பங்கை மறுவாரம் நான் செலுத்தினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவு எல்லாரும் போனபின் முதியவரிடம் சென்று, மாட்டினது சரியில்லை என்று எப்படிக் கண்டீர் என வினவினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் கடிகாரத்தையே பார்த்திருந்தார்.

"பார்த்து இல்லைங்க, ஐயா. கேட்டேன். ஒரு கால் நொண்டி நடக்கிறவன் மாதிரி சத்தம் வந்தது."