பாட்டியாரின் நன்றி



எமது ஊர்களில் வயது முதிர்ந்த தாயொருத்தியிடம் சுகம் விசாரித்துப் பாருங்கள். "ஆண்டவற்றை கிருபையாலை இருக்கிறன், சுவாமி" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். முழங்கால் உளைவு இருக்கும், கண்பார்வை மங்கியிருக்கும், மகன் கடல் கடந்து போயிருப்பான், அல்லது போன இடம் தெரியாமற் போயிருப்பான். ஆயினும் விடை மாறுவதில்லை. இதைக் கேட்கும் இளையோருட் சிலர் இது வெறும் நாப்பழக்கம் என்று எண்ணுகின்றனர். வேறு சிலர் இன்னும் கடுமையாகக் கேட்கின்றனர்: "இத்தனையும் இழந்தவள் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? இருப்பதற்கு நன்றி சொன்னால், இழந்ததை ஏற்றுக்கொண்டதாக முடியாதா? அவ்வாறாயின் நன்றி என்பது ஏழைகளை வாயடைக்கச் செய்யும் தந்திரமன்றோ?"

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கேட்பவர்கள் விசுவாசமற்றவர்கள் என்று சொல்லித் தப்பிக்கொள்ளவும் முடியாது. நன்றி என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொண்டாலன்றி இதற்கு நேர்மையான விடை கிடையாது.

நன்றி ஓர் அறிவு

எமது மொழியே இதில் எமக்கு வழிகாட்டுகின்றது. பழந்தமிழில் நன்றி என்ற சொல் நன்மையைக் குறிக்கும். ஒருவர் எமக்குச் செய்த நல்ல காரியத்தைக் குறிக்கும். அதைப் பெற்றவரின் பண்பையோ "நன்றியறிதல்" என்றனர் எம் முன்னோர். திருக்குறளின் 11 ஆம் அதிகாரத்தின் பெயரும் செய்ந்நன்றியறிதல் என்பதே. அறிதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். நெஞ்சு குளிர்வதை அவர்கள் அங்கே முதன்மைப்படுத்தவில்லை. செய்யப்பட்ட நன்மையைக் கண்டு, அது நன்மை என்று தெரிந்து, மறவாதிருப்பதையே முதன்மைப்படுத்தினர்.

13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைவல்லுநர் புனித தோமஸ் அக்குவினாஸ் நன்றியை மூன்று படிகளாகப் பிரித்தார். பெற்ற நன்மையை அறிந்துகொள்ளல் முதற்படி. அதை வாயால் எடுத்துச் சொல்லிப் போற்றுதல் இரண்டாவது. தக்க இடத்தில், தக்க காலத்தில், தன் சக்திக்கேற்பக் கைம்மாறு செய்தல் மூன்றாவது. நன்றிகேட்டிற்கும் அவர் படிகளை வகுத்தார். கைம்மாறு செய்யாதிருப்பது குற்றமே; ஆயின் பெற்றதையே மறந்துபோவது அதனிலும் பெரிய குற்றம் என்றார். அறியாதவன் சொல்லவும் மாட்டான், செய்யவும் மாட்டானல்லவா?

ஆகவே, "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா?" என்று கேட்டு நன்றியை அளக்கக் கூடாது. "எனக்குக் கொடுக்கப்பட்டதை நான் அறிகிறேனா?" என்பதே சரியான கேள்வி.

அறிந்தவளின் கண்

இந்த அறிவு பாட்டிமாரிடம் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இளந்தாய்க்குத் தன் பிள்ளையைப் பார்க்க நேரமில்லை. அடுப்பில் உலை கொதிக்கும், வேலைக்குப் பஸ் பிடிக்க வேண்டும், பிள்ளை அழும். அவள் பிள்ளையைச் சுமக்கிறாள், கழுவுகிறாள், ஊட்டுகிறாள். நின்று பார்க்க அவளுக்கு ஓய்வு இல்லை. பாட்டியார் நின்று பார்க்கிறார். பிள்ளைகள் பிறப்பதும் வளர்வதும் எவருக்கும் உரிமையாக எழுதிக் கொடுக்கப்பட்ட காரியம் அன்று என்பதை அவருடைய ஆயுள் அவருக்குப் படிப்பித்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்துப் பாட்டியார் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். கோவில் மணி கேட்குமுன்னே எழும்புகிறார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு முற்றத்தைக் கூட்டுகிறார். பிட்டு அவிக்கத் தேங்காய் துருவுகிறார். பேரப்பிள்ளைகளை எழுப்பி, தலை இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்புகிறார். மாலையில் அவர்களை இருத்திச் செபமாலை சொல்லுகிறார். நித்திரை தூங்கும் பிள்ளையை முழங்கையால் மெல்லத் தட்டுகிறார். இதில் அற்புதம் எதுவும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம்.

ஆனால் இதே பாட்டியார் 1990களில், மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் தம் பிள்ளைகளைப் படிப்பித்தவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழும்பி நடந்த இரவில், மழையில், பிள்ளையை இடுப்பிலும் பொட்டலத்தைத் தலையிலும் சுமந்தவர். 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மீண்டும் வரிசையில் நின்றவர். அவர் இன்று சுவிச்சைத் தட்டும்போது வெளிச்சம் என்றால் என்னவென்று அறிந்து தட்டுகிறார். பேரன் கோப்பையில் சோற்றை மீதம் வைத்தால் அவருக்குக் கோபம் வருகின்றது. அது கருமித்தனத்தால் வரும் கோபம் அன்று. சோறு யாதென்பது பேரனுக்கு இன்னும் தெரியவில்லை, அவருக்குத் தெரியும்.

இப்படி அறிந்தவர் "ஆண்டவற்றை கிருபை" என்று சொன்னால் அதை நாப்பழக்கம் என்று ஒதுக்கிவிடலாமா? பழக்கமாயும் இருக்கலாம், ஆனால் அந்தப் பழக்கத்தின் அடியில் ஓர் ஆயுட்காலத்தின் அறிவு கிடக்கின்றது.

இழப்பின் நடுவே

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். இழந்தவர் நன்றி சொல்வது எங்ஙனம்?

திருவிவிலியத்தில் ரூத்து என்னும் சிறிய நூல் ஒன்று உண்டு. அதில் வரும் நகோமி பஞ்சத்தால் மோவாபு நாட்டிற்குப் போனவள். அங்கே கணவனை இழந்தாள். இரண்டு ஆண்மக்களையும் இழந்தாள். ஊர் திரும்பியபோது, இனிமை என்று பொருள்படும் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், கசப்பு என்று பொருள்படும் மாரா என்றே கூப்பிடுங்கள் என்று அயற்பெண்களிடம் சொன்னாள். நிறைவோடு போன தன்னை ஆண்டவர் வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று வெளிப்படையாக முறையிட்டாள். இந்த முறைப்பாட்டை வேதாகமம் மறைக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

பின்பு ஒருநாள் மருமகள் ரூத்து வயலிற் பொறுக்கிய வாற்கோதுமையுடன் வீடு வருகிறாள். அந்தத் தானியத்தைக் கண்டு, வயலுக்குரியவரான போவாசின் பெயரைக் கேட்டபோதுதான் நகோமியின் வாயில் முதன்முதலாக இறைபுகழ் வருகின்றது. அப்போதும் அவள், உயிரோடிருப்பவர்களுக்கு மாத்திரமன்றி இறந்தவர்களுக்கும் இரக்கம் காட்டுகிறவர் என்றே ஆண்டவரைப் புகழ்கிறாள். இதைக் கவனியுங்கள். நன்றி சொல்லும்போது தன் இறந்தவர்களை அவள் பின்னே விட்டுவிடவில்லை. அவர்களையும் கூட்டிக்கொண்டே வருகிறாள். ரூத்துக்கு ஓபேது பிறந்தபோது அக்குழந்தையை எடுத்துத் தன் மடியில் வைத்து வளர்த்தாள். அயற்பெண்கள் மகிழ்ந்து பேசுகின்றனர். நகோமி பேசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள், அவ்வளவே. அந்தப் பிள்ளைதான் தாவீது அரசரின் பாட்டனார் ஆனார்.

பேரப்பிள்ளை இழந்த மகனுக்கு ஈடு ஆவானா? ஆகான். யோபு நூலையும் பாருங்கள். சோதனைக்குப்பின் யோபுவின் உடைமைகள் இரட்டிப்பாகின: 7,000 ஆடுகள் 14,000 ஆயின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகளோ முன்பு 10 பேர். பின்பும் 10 பேரே. ஆடுகளுக்கு ஆடுகள் ஈடாகலாம்; பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது. முந்திய பத்துப் பேரும் கடவுளுக்கு இழக்கப்பட்டவர்கள் அல்லர், அதனாலேயே எண்ணிக்கை இரட்டிப்பாகவில்லை என்று வேத விளக்கம் கூறுவோர் சொல்வர். கொடை என்பது நட்டஈடு அன்று. புதிய கொடை பழைய இழப்பின் கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை.

இந்த உண்மை எமது மண்ணிலே கண்முன் நிற்கின்றது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தியவாறு தாய்மார் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்தனர். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக இருந்தனர். விடை காணாமலே கண்மூடியோரும் உளர். அவர்களுட் பலர் பாட்டிமார். காலையில் பேரப்பிள்ளைக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "ஆண்டவரே, இவனையாவது தந்தீரே" என்று நன்றி சொல்லி, பின் படத்தை எடுத்துக்கொண்டு "என் பிள்ளை எங்கே?" என்று கேட்கப் போகிறவர்கள். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணா?

முரண் அன்று என்பதே எனது துணிபு. இரண்டும் ஒரே அறிவிலிருந்து பிறக்கின்றன. தனக்குக் கொடுக்கப்பட்டது எத்துணை பெரிது என்று அறிந்தவளுக்கே, தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எத்துணை பெரிது என்பதும் தெரியும். மகனைக் கொடையாக அறியாதவள் அவனைத் தேடி ஆண்டுக்கணக்காக வீதியில் இருப்பாளா? நன்றியறியாதவனுக்கு நீதிப் பசியும் அதிக நாள் நிலைக்காது. ஆகவே நன்றி ஏழைகளின் வாயை அடைக்கிறது என்பவர்கள் நன்றியைத் தவறாக விளங்கியிருக்கிறார்கள். 150 திருப்பாடல்களில் முறைப்பாட்டுப் பாடல்கள் எத்தனை! அவற்றுட் பல நன்றியில் முடிகின்றன. 88 ஆம் திருப்பாடலோ இருளிலேயே முடிகின்றது. அதுவும் திருச்சபையின் செபமே.

புகழ்ச்சியால் ஏற்றும் சுமை

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நன்றி தானாகச் சொல்லப்படும்போதுதான் புண்ணியம். துன்பப்படுகிறவளைப் பார்த்து, துன்பப்படாத ஒருவர் "இருப்பதை நினைத்து நன்றி சொல்லு" என்று கட்டளையிடுவது புண்ணியம் அன்று. குருக்களாகிய நாமும் இதைக் கவனிக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் 7 நாள் மௌனமாய் இருந்தவரை நல்ல நண்பர்களாய் இருந்தார்கள். வாய் திறந்தபின்பே கெட்டார்கள்.

மேலும், பாட்டிமாரின் பொறுமையை நாம் புகழ்வதற்குள் எமது சொந்த வசதி ஒளிந்திருக்கலாம். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாகத் தாய் போய்விட்டால், பிள்ளைகளை ஏற்பவர் பெரும்பாலும் அம்மம்மாதான். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் அவ்வேலைக்குப் போவதை 2013 இல் அரசு மட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடி வந்த 2022 இல் அந்த வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டம் எவ்வாறு மாறினாலும், இரவில் இருமும் பிள்ளைக்காக எழும்புகிறவர் எழுபது வயது அம்மம்மாவே. அவர் முறையிடமாட்டார். முறையிடாமையைக் கண்டு "அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள்தான் சந்தோஷம்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையாக இருக்கலாம். எமக்கு இலாபமான உண்மையாகவும் இருக்கின்றது!

புனித தோமஸ் சொன்ன மூன்றாவது படி இங்கே எம்மிடம் கேட்கப்படுகின்றது. கைம்மாறு எங்கே? பாட்டியாரைப் புகழ்வது இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றது. அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது யார்? மாதத்தில் ஒருநாளாவது பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து அவரை ஓய்ந்திருக்க விடுவது யார்? வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில், கணக்குக் கேட்காமல் அவர் கையில் ஒரு தொகையைக் கொடுப்பது யார்? கைத்தொலைபேசித் திரையில் பிள்ளையைக் காட்டச் சொல்லிப் பேசிவிட்டு, அவரோடு ஐந்து நிமிடம் பேசாமல் வைத்துவிடுகிறோமே, அது அடுக்குமா?

கையளிக்கப்படும் விசுவாசம்

பாட்டி என்ற சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகின்றது. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில், அவரிடமுள்ள விசுவாசம் முதலில் அவருடைய பாட்டியார் லோயியிடமும், பின் தாயார் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததாகப் பவுலடியார் நினைவூட்டுகிறார். லோயி எதைச் சொன்னார், எதைச் செய்தார் என்று அங்கே ஒன்றும் எழுதப்படவில்லை. எம் ஆண்டவருடைய பாட்டியாராகிய புனித அன்னம்மாளைப் பற்றியோ நற்செய்திகளில் ஒரு வரிகூட இல்லை. ஆயினும் தலவில அன்னம்மாள் திருத்தலத்திற்குத் தமிழரும் சிங்களவரும் ஆண்டுதோறும் திரண்டு செல்கின்றனர். பாட்டிமாரின் பணி ஏட்டில் எழுதப்படுவது அரிது. பேரப்பிள்ளைகள் கைகூப்பும் விதத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

நாம் நாள்தோறும் ஒப்புக்கொடுக்கும் நற்கருணைப் பலிக்குக் கிரேக்க மொழியில் வழங்கிய பெயர் நன்றி செலுத்துதல் என்பதே. எந்த இரவில் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார்? காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில். அதே இரவிற்றான் ஒலிவத் தோப்பில் முழந்தாளிட்டு, இந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலாதா என்றும் மன்றாடினார். நன்றியும் முறைப்பாடும் ஒரே வாயில், ஒரே இரவில் இருந்தன. கண்ணீரோடு "ஆண்டவற்றை கிருபை" என்று சொல்லும் எம் பாட்டிமார் தாம் அறியாமலே அந்த இரவோடு சேர்ந்துகொள்கின்றனர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல், யூலை மாதத்து நான்காம் ஞாயிறைப் பேரன்பேத்திகளைக் கண்ட பெரியோருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். சுவக்கீன், அன்னம்மாள் திருநாளாகிய யூலை 26 ஐ ஒட்டி அது வருகின்றது. அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு சென்றதும், உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கும் பாட்டியார் ஒருவர் அருகே அமருங்கள். அவர் எதற்கு நன்றி சொல்கிறார் என்று கேளுங்கள். யாரை இழந்தார் என்றும் கேளுங்கள். இரண்டையும் முழுதாகக் கேட்டபின், அவர் செய்துகொண்டிருக்கும் வேலையை அவர் கையிலிருந்து வாங்கி நீங்கள் செய்யுங்கள்.