கேளாதவனுக்குச் சொல்வது

ஒரு பொருளை விற்கும்போது அதன் குறையை வாங்குபவனிடம் சொல்லத்தான் வேண்டுமா? கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேட்காவிட்டால்? பேசாமல் இருப்பதும் பொய்தானா? இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் பழைய கேள்வி இது. ஆனால் அகதிகளாகிய எம்மிடையே இதற்கு இன்னொரு முகமும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட என் மெய்யியல் படிப்பில் மனதில் தங்கிய சில விஷயங்களில் சிசரோ சொல்லும் தானிய வியாபாரியின் கதையும் ஒன்று. கி.மு. 44இல், கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு எழுதிய நூலில் அந்த ரோமச் சிந்தனையாளர் இதைச் சொல்கிறார். றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் கடலில் கண்டிருக்கிறான். தீவு மக்களுக்கு அது தெரியாது. சொன்னால் விலை விழும். அவன் சொல்லவேண்டுமா?

இதில் இரண்டு ஸ்தோயிக்கர்கள் மோதுகிறார்கள். ஒருவர் பபிலோனிய டயோஜெனிஸ் (பீப்பாவுக்குள் வாழ்ந்தவர் வேறொருவர்). மற்றவர் அவருடைய மாணவர் அன்ரிபாற்றர். சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மறைப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு என்பது குருவின் கட்சி. மனிதர் எல்லோரும் ஒரே சமூகம், விற்பவன் அறிந்ததை வாங்குபவனும் அறியவேண்டும் என்பது மாணவரின் கட்சி. சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார்.

இதை நான் மறுபடி யோசிக்க நேர்ந்தது ஒரு பாட்டுப் பெட்டியால். பிரெடெரிசியாவில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான அண்ணை ஒருவர் இருக்கிறார். 1986இல் வந்தவர். கோப்பை கழுவிய காசில் நாலு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு பாங் அன் ஒலுஃப்சன் செற் வாங்கினார். அம்பிளிபயர், இசைத்தட்டு ஓடும் பேயோகிராம், கசெற் டெக், ஆளுயரத்தில் முக்கால்வாசி வரும் இரண்டு ஸ்பீக்கர். கதிரை மேசை வாங்க முன்னமே அதைத்தான் வாங்கினாராம். இப்போது சிறிய வீடொன்றுக்கு மாறுகிறார். ஊரிலிருக்கும் அக்காவுக்குக் கண் ஒப்பரேசன். ஆறாயிரம் குரோனருக்கு விற்றுத் தரும்படி என்னிடம் சொன்னார். றெஸ்ரோறன்டில் வேலை முடிந்த பிறகு இப்படியான காரியங்களுக்கு ஓடித்திரிவது எனக்கு வழக்கம்.

டென்மார்க்கில் இந்தப் பெயருக்குள்ள மதிப்பைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பேற்றர் பாங், ஸ்வென் ஒலுஃப்சன் என்ற இரண்டு இளம் பொறியியலாளர்கள் 1925இல் ஸ்ருவர் என்ற சிற்றூரில் தொடங்கிய நிறுவனம் இது. யாக்கொப் யென்சன் இவர்களுக்காக வடிவமைத்த கருவிகளை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1978இல் தனிக் கண்காட்சியாகவே வைத்தது. அதனால் பழசானாலும் வாங்க ஆள் உண்டு. ஆனால் பழைய ஒலிக்கருவியின் குறை, பழைய சைக்கிளின் குறைபோல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் பதினைந்து இருபது வருடத்தில் உக்கத் தொடங்கிவிடும். துணி மூடியைக் கழற்றினால்தான் தெரியும். அம்பிளிபயருக்குள் கொண்டென்சர்கள் மெல்ல மெல்லக் காயும். கசெற் டெக்கின் இறப்பர் வார் இளகித் தாராகும். பேயோகிராமின் ஊசியைத் தனியாக மாற்றமுடியாது. ஊசியும் அதைத் தாங்கும் தலையும் ஒன்றாகச் செய்யப்பட்டவை, அந்தத் தலையை ஸ்ருவரில் செய்வதை நிறுத்தி வெகுகாலம். இத்தனைக்கும் நடுவில் மெதுவாகப் பாட்டுப் போட்டால் எல்லாம் சுகமாகத்தான் கேட்கும். ஓர் அரை மணி நேரம் நல்லவன்போல் நடிக்கக்கூடிய பொருள் இது.

முதலில் கோல்டிங்கிலிருந்து ஒரு டெனிஸ்காரர் வந்தார். கையில் ரோர்ச் லைற்றும் தன்னுடைய இசைத்தட்டு ஒன்றும். துணி மூடியைக் கழற்றி வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வெடிப்புகள் ஓடியிருந்தன. வாங்கிய ரசீது இருக்கிறதா என்றும் கேட்டார். கேட்ட விதத்தில் வேறொரு கேள்வியும் இருந்தது. அண்ணை முப்பத்தைந்து வருடமாகக் காத்து வைத்திருந்த ரசீதை எடுத்துக் காட்டினார். மூவாயிரத்து ஐந்நூறு தருவதாகச் சொன்னார் அவர். அண்ணை மறுத்துவிட்டார்.

அடுத்ததாக ஹோர்சன்ஸிலிருந்து எங்கள் பெடியன் ஒருவன் வருவதாகச் சொன்னான். “அண்ணை வைச்சிருந்த சாமானெண்டால் பாக்கத் தேவையில்லை, ஆறாயிரமும் கொண்டுவாறன்” என்று ரெலிபோனிலேயே சொல்லிவிட்டான். வளைய விஷயத்தை அவனிடம் சொல்லவேண்டுமே என்று நான் அண்ணையிடம் கேட்டேன்.

“தம்பி, டெனிஸ்காரனெண்டால் எல்லாத்தையும் சொல்லத்தான் வேணும். அவன் நாளைக்குப் பொலிசுக்குப் போவான். எங்கட பெடியனுக்கு ஏன்? அவன் ஒண்டும் கேக்கேல்லைத்தானே.”

இதை ஒரு தனிமனிதரின் குணமாக நான் பார்க்கவில்லை. அண்ணை நல்ல மனிதர். இந்த ஊரில் எத்தனையோ பேருக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தவர். அவர் வாயில் வந்தது எம்மில் பலர் மனதில் வைத்திருக்கும் கணக்கு. அந்நியனிடம் சுத்தமாக நடக்கவேண்டும், இல்லாவிட்டால் தமிழருக்கே கெட்ட பெயர். எம்மவனிடம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், அவன் பொறுத்துக்கொள்வான்.

இந்தக் கணக்கின் முதற்பாதியை ஜெர்மன் தத்துவஞானி கான்ற் 1785இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். ஒரு கடைக்காரன் அனுபவமில்லாத வாடிக்கையாளனிடமும் கூடுதல் விலை வாங்குவதில்லை. சின்னப்பிள்ளை வந்தாலும் அதே விலைதான். நல்ல காரியம்தான், ஆனால் வியாபாரம் கெடாமலிருக்க அவன் அப்படிச் செய்தால் அது நேர்மையிலிருந்து வந்தது என்று சொல்லமுடியாது என்கிறார் அவர். பொலிசுக்கும் பெயருக்கும் பயந்து டெனிஸ்காரரிடம் காட்டும் நேர்மையும் அந்தக் கடைக்காரனின் நேர்மைதான். அதைக் குறைத்து மதிக்கவில்லை, பயத்தால் வந்தாலும் வாங்குபவனுக்கு நன்மைதான். ஆனால் பயம் இல்லாத இடத்தில் அது நின்றுபோகிறது. எங்கே நிற்கிறது? எம்மை நம்புகிறவனின் வாசலில்.

இந்த நாட்டுச் சட்டமும் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். 1906ஆம் ஆண்டின் விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. “சொம் பெசேட்”, அதாவது பார்த்தபடி, என்று எழுதி விற்கலாம். ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்தவனுக்கு அந்த வார்த்தை கவசமாகாது. நல்லது. ஆனால் எங்கள் பெடியன் அண்ணைமேல் வழக்குப் போடுவானா? போடமாட்டான். சட்டம் எட்டாத இடம் என்பதால்தான் அங்கே மனச்சாட்சிக்கு வேலை அதிகம்.

கேட்பவன் ஏன் கேட்கிறான்? நம்பாததால். அவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறான். ரோர்ச் லைற் கொண்டு வருகிறான். கேளாதவன் ஏன் கேட்கவில்லை? தன் கண்ணையும் காதையும் எங்களிடம் தந்துவிட்டதால். அவனுக்காகப் பார்க்கும் வேலையும் எம்முடையதாகிவிடுகிறது. ஆகவே அண்ணையின் கணக்கைத் தலைகீழாகத்தான் எழுதவேண்டும். கேட்பவனுக்குப் பதில் சொன்னால் போதும். கேளாதவனுக்குத்தான் கூடச் சொல்லவேண்டும்.

இது புதிய கதையுமல்ல. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழும்போது, தங்கள் பொருளையும் மற்றவர் பொருளையும் அவர்கள் ஒரே விதமாக மதித்ததைத்தான் சொல்கிறது. அங்கே வந்திறங்கிய வேற்றுமொழிக்காரரையும் அதே பாட்டுக் காட்டுகிறது. அந்நியனுக்கு ஓர் அளவு, அயலவனுக்கு ஓர் அளவு என்ற பேச்சு அதில் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லவேண்டுமா என்று யாரும் கேட்கலாம். இல்லை. இங்கே டயோஜெனிஸின் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாங் அன் ஒலுஃப்சனில் அழகுதான் அதிகம், இதே காசுக்கு வேறு செற்றில் இதைவிட நல்ல சத்தம் கிடைக்கும் என்று சொல்லும் ஹைபை பிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். அதை விற்பவன் சொல்லத் தேவையில்லை. அது ருசி. எங்கள் சாப்பாட்டுக்கடையில் குழம்புக்கு எத்தனை நாள் என்பதை மறைக்கக்கூடாது. அடுத்த தெருக் கடையில் குழம்பு நன்றாயிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பழசு என்பதும் வெட்கமல்ல. 2020இல் அதே நிறுவனம் 1970களின் பழைய பேயோகிராம்களைத் திரும்பச் சேகரித்து, ஸ்ருவரில் கழற்றிப் பழுதுபார்த்து, 95 மட்டும் விற்பனைக்கு விட்டது. பழசு என்றும் எதை மாற்றினோம் என்றும் வெளிப்படையாகச் சொல்லியே, ஒன்று பத்தாயிரம் யூரோவுக்கு விற்றார்கள்.

என்னை உண்மையில் உறுத்திய கேள்வி வேறு. காசு அண்ணையுடையது. ஒப்பரேசன் அவருடைய அக்காவுக்கு. மற்றவருடைய காசில் நான் நேர்மையாளனாக இருப்பது எவ்வளவு சுலபம்! இதற்குப் பூரணமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் பொருள் அவருடையதாக இருந்தாலும் வாய் என்னுடையது. பெடியன் என் முகத்தையும் பார்த்துத்தான் காசை எண்ணுவான். ஆகவே அவன் வரும் முன்னரே அண்ணையிடம் சொன்னேன்: “ஒண்டில் நீங்கள் சொல்லுங்கோ, இல்லாட்டில் நான் சொல்லுறன். ரெண்டும் வேண்டாமெண்டால் நான் இதுக்குள்ள நிக்கேல்லை அண்ணை.” கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீயே சொல்லு” என்றார்.

சொன்னேன். பெடியன் யோசித்துவிட்டு நாலாயிரத்து ஐந்நூறு தந்தான். வளையங்களைத் தானே வாங்கி ஒட்டுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு போனான். குறைந்த ஆயிரத்து ஐந்நூறு அண்ணைக்குச் சிறிய காசல்ல. சில கிழமைகள் அவர் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்மேல் கோபமில்லை.

நான் வாழும் இந்த ஊர் 1650இல் கோட்டை நகரமாகத் தொடங்கியது. ஆள் சேர்க்கவேண்டி 1682இல் வேற்று மதத்தவருக்கும் இடம் கொடுத்தார்கள், கடனில் நொடித்து வந்தவர்களுக்கும் புகலிடம் தந்தார்கள். பிறகு ஹியூகனோட் அகதிகள் வந்து புகையிலை பயிரிட்டார்கள். தங்குவதற்கு இடத்தை அரசன் கட்டளையிட்டுக் கொடுக்கலாம். ஒருவனை மற்றவன் நம்பவேண்டும் என்று எந்த அரசனாலும் கட்டளையிட முடியாது. அது தங்களுக்குள் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியது. 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் அக்கர்லொஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து இதைக் காட்டினார். குறையை மறைப்பவர்கள் பெருகினால் வாங்குபவன் எல்லாவற்றுக்கும் பழுதான சாமானின் விலையைத்தான் தருவான், நல்ல சாமான் வைத்திருப்பவன் சந்தையைவிட்டே போய்விடுவான்.

எம்மிடம் ஒருவரை ஒருவர் நம்பும் சந்தை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சீட்டு. கையெழுத்தில்லை, வங்கியில்லை, ஈடு வைப்பதில்லை. ஆளைத் தெரியும் என்ற ஒரு சொல்லில் மாதம் மாதம் ஆயிரக்கணக்கான குரோனர் கைமாறுகிறது. அண்ணை கடைசியில் அக்காவின் ஒப்பரேசனுக்குக் குறைந்த காசைச் சீட்டு எடுத்துத்தான் அனுப்பினார். காசு கொடுத்த யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.